ரிஜிஸ்டர்ல இல்லாத பேரு

பேய்க் கதையை யாராவது ஆரம்பிச்சா எழுந்து போயிடுற ஆளுபா நான். முப்பது வருஷம் பஸ் டிப்போவுல மெக்கானிக்கு. இன்ஜின்ல சத்தம் வந்தா அது எங்கேர்ந்து வருதுன்னு காதை வச்சே கண்டுபிடிக்கணும், அதான் பொழப்பு. காரணம் இல்லாம சத்தம் வராதுன்னு இருந்தவன். நான் சொல்றேன், நம்பினா நம்பு, இல்லாட்டி விடு.

ரிட்டையர் ஆயிட்டேன், என் பொண்டாட்டி மேரியும் போய்ச் சேர்ந்துட்டா, பையன் ஓசூர்ல. செவிலிமேட்டு வூட்ல நான் ஒருத்தன்தான். டிவி ஓடிக்கினே இருக்கும், பாக்க மாட்டேன், மனுச சத்தம் வேணுமேன்னு வுட்டு வச்சிருப்பேன். சில நாள் சாயந்தரம் கடையில டீ கேக்கும்போதுதான் தெரியும், காலையிலேர்ந்து வாயே தொறக்கலைன்னு.

அந்த மாதிரி ஒரு நாள் பீரோவைக் குடைஞ்சப்போ எங்க குடும்பத்துப் பழைய பைபிள் கைக்கு வந்துச்சு. முதல் பக்கத்துல பொறந்தவங்க, செத்தவங்க பேரெல்லாம் எழுதியிருக்கும். எங்க தாத்தாவோட தாத்தா தன் பிள்ளைங்க பேருக்குக் கீழ ஒரு வரி எழுதியிருந்தார். 'அன்னம்மாள், வளர்த்த பிள்ளை, எட்டு வயசில் மரித்தாள்.' யார் பெத்த புள்ள, எப்படி நம்ம வூட்டுக்கு வந்துச்சு? கேக்கலாம்னா பெரியவங்க ஒருத்தரும் இல்ல. எனக்கும் வேற வேலை இல்ல, தேடலாம்னு கிளம்பிட்டேன்.

பாலாத்துக்கு அந்தாண்ட எங்க பூர்வீக ஊர்ல ஒரு சின்ன சர்ச்சு இருக்குது. காலையில பஸ் புடிச்சுப் போனேன். பாஸ்டர் ஐயர் வராத வாரம் ஜெபம் நடத்துற உபதேசியார் இருந்தார், என் வயசுதான் இருக்கும். செத்தவங்களை அடக்கம் பண்ண ரிஜிஸ்டரை எடுத்துக் குடுத்தார். பதினோரு மணி, சுள்ளுனு வெயிலு. எழுத்தெல்லாம் மங்கிக் கிடந்துச்சு, அதனால சத்தமா படிச்சு போன்ல பதிவு பண்ணிக்கினேன், பையனுக்கு அனுப்பலாம்னு.

'அன்னம்மாள். வயது சுமார் எட்டு. பஞ்சத்தில் சாலையோரம் தனியாய்க் கண்டெடுத்த பிள்ளை. ஊர் தெரியாது. காய்ச்சலில் மரித்தது.' பக்கத்துல 'முன் பெயர்'னு ஒரு கட்டம், ஞானஸ்நானத்துக்கு முந்தி இருந்த பேரை எழுத, அது காலி. கீழ பொடி எழுத்துல, 'பேர் கேட்டால் சொல்லவில்லை. தாயார் வந்து பேர் சொல்லிக் கூப்பிடுவாள், அதுவரை யாருக்கும் சொல்லக்கூடாது என்றது.'

அதோட படிக்கிறதை நிறுத்திட்டேன், போன்ல பதிவு ஓடிக்கினே இருந்துச்சு. அப்போ வாசப்பக்கம், "தோ வந்துட்டேன்"னு ஒரு பொம்பளப் புள்ளை குரலு. விளையாடிக்கினு இருக்குற புள்ள பதில் குடுக்குமே, அப்படி.

உபதேசியார் தலையைத் தூக்கிப் பாத்தார். "பேத்தியைக் கூட்டிக்கினு வந்தீங்களா?"

"நான் தனியாதாங்க வந்தேன். உங்க வூட்டுப் புள்ளைன்னு நெனச்சேன்."

"ஸ்கூல் நேரமாச்சே. இங்க ஏது புள்ளைங்க?"

ரெண்டு பேரும் வெளிய போய் சர்ச்சை ஒரு சுத்து சுத்தி வந்தோம். கல்லறைப் பக்கமும் பாத்தோம். ஒரு குஞ்சு குளுவான் இல்ல. மணல்ல எங்க செருப்புத் தடம் மட்டும்தான்.

மறுநாள் பையன் போன் பண்ணான். "நைனா, நீ படிச்சது நல்லா கேக்குது. கடைசியில ஒரு அம்மா கூப்பிடுறாங்களே, யாரு அது?"

"எந்தம்மா? சின்னப் புள்ள குரல்தானே?"

"புள்ள குரலே இல்லபா. 'பொம்மி, பொம்மி'ன்னு ரெண்டு வாட்டி ஒரு பொம்பள கூப்பிடுறாங்க. யாரு நைனா பொம்மி?"

போட்டுக் கேட்டேன். நான் படிக்கிறது நின்னுபோவுது. அப்புறம் அந்தப் பொம்பள குரலு. புள்ள சொன்ன பதில் அதுல வுழவே இல்ல. நாங்க ரெண்டு பேரும் புள்ள குரலைத்தான் கேட்டோம், போனு தாய் குரலைக் கேட்டிருக்குது. அதுவரைக்கும் நான் படிச்சதுக்குத்தான் அந்தப் புள்ள பதில் குடுத்துச்சுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.

அடுத்த வாரம் உபதேசியாருக்குப் போட்டுக் காட்டினேன். மூணு வாட்டி கேட்டார். ரிஜிஸ்டரைப் பிரிச்சு வச்சு பேனாவை எடுத்தார். "கட்டம் காலியா இருக்குது. எழுதிடட்டுங்களா?"

"வேணாங்க"ன்னேன். "நம்மகிட்ட அது சொல்லலியே."

அவர் பேனாவை மூடி வச்சிட்டார்.

ஒண்ணுதான்பா இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஒத்து வரலை. பஞ்சத்துல புள்ளையைத் தொலைச்சவ தொண்டை கிழியக் கத்தியிருக்கணும் இல்ல? அந்தக் குரல்ல பதட்டமே கிடையாது. தட்டுல சோறு போட்டு வச்சிட்டுக் கூப்பிடுற மாதிரி அவ்ளோ மெதுவா இருக்குது. அவ்ளோ மெதுவா பேசுறது போன்ல வுழணும்னா, போன்கிட்ட வாயை வச்சுத்தான் பேசணும். போனை நான் என் உதட்டுக்கு நாலு விரக்கடை தள்ளி, கையில புடிச்சிக்கினு இருந்தேன்.