வேலைக்கு ஏறினால் அது மலையில்லை

ஒரு மலை எந்த இடத்தில் மலையாகத் தொடங்குகிறது? சொல்லுங்கள் பார்ப்போம். செத்தவீடு நடந்த வருடத்தில் மலை ஏறக் கூடாது என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். எது மேடு, எது மலை, யார் அளந்தது என்று அவரிடம் திருப்பிக் கேட்டிருக்கிறீர்களா?

துஷானி கேட்டாள். கேட்ட இடம் வுப்பர்டால். எங்கள் ஆட்கள் புலம்பெயர்ந்து வந்த குளிர் நாடொன்றில், ஆற்றோரம் ஒடுங்கிக் கிடக்கிற நகரம் அது. ஆற்றுக்கு மேலே தொங்கு ரயில் ஓடும். இரண்டு பக்கச் சரிவிலும் வீடுகள் ஒன்றின் தலையில் ஒன்று கால் வைத்த மாதிரி ஏறி நிற்கும். பல இடங்களில் தெருவே கிடையாது, படிக்கட்டுத்தான். அந்த வீடுகளில் தனியாக இருக்கிற முதியவர்களைப் போய்ப் பார்த்துப் பராமரிப்பது துஷானியின் வேலை. குளிக்க வார்ப்பாள், மருந்து கொடுப்பாள், வீங்கிய கால்களுக்கு இறுக்கமான காலுறையை இழுத்து மாட்டிவிடுவாள். கார் நிறுத்த இடம் கிடைக்காது என்பதால் வேலைத்தலத்தில் ஒரு மின்சார சைக்கிள் கொடுத்திருந்தார்கள். மழையோ பனியோ, காலையில் ஆறு மணிக்கு முதல் ஏற்றம்.

கூட வேலை செய்கிற கொறற்றிதான் அவளை வேறொரு சைக்கிளுக்கு இழுத்துப் போனாள். மன்னார்க்காரி. ஞாயிறு பூசைக்குப் போகிறாளோ இல்லையோ, காட்டுப்பாதைக்குப் போவாள். தடித்த டயரும் ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த கைபிடியும் உள்ள சைக்கிள். சரளைக்கல்லிலும் செம்மண்ணிலும் ஓடுவதற்கென்றே செய்தது. ஊரில் சரளையைக் கிறவல் என்போம், இங்கே அந்தச் சைக்கிளுக்கும் கிறவல் சைக்கிள் என்றுதான் பெயர்.

"எங்கடை ஊரிலை கிறவல் றோட்டிலை சைக்கிள் மிதிச்சா, ஐயோ பாவம், பஸ்ஸுக்குக் காசில்லைப்போலை எண்டு பாப்பினம்," என்பாள் கொறற்றி. "இஞ்சை அதுக்குத் தொப்பி போட்டு, கண்ணாடி போட்டு, விளையாட்டு எண்டினம். நாங்கள் சின்னனிலையே சாம்பியன் தான், ஒருத்தரும் சொல்லேல்லை."

போன வருடம் ஏப்ரலில், உடன் சைக்கிள் ஓடும் பெண்கள் சிலரோடு இருவரும் சார்டீனியாத் தீவுக்குப் போனார்கள். துஷானிக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் விடுமுறை. கலியாண வீடுமில்லை, சாமத்திய வீடுமில்லை, செத்தவீடுமில்லை, சும்மா போனாள். ஒரு கிழமை முழுக்க வெள்ளைச் சரளைப் பாதை. பட்டை உரித்த தக்கை மரங்கள், அடி சிவந்து, காற்சட்டை போட்ட ஆட்கள் மாதிரி நின்றன. ஆட்டு மந்தைகள் வழி விட மறுத்தன. டயருக்குக் கீழே கல் நொறுங்குகிற சத்தமும் தன்னுடைய மூச்சும் தவிர வேறெதுவும் காதில் விழாத நேரங்கள் இருந்தன. யாருக்கும் எதுவும் செய்துகொடுக்கத் தேவையில்லாத நேரங்கள். அப்படி ஒரு நேரம் உலகத்தில் இருக்கிறது என்பதே அவளுக்குப் புதிது.

கடைசி நாள் ஏற்றத்தில் மட்டும் தோற்றாள். உச்சியில் ஒரு கற்கோபுரம். அதற்குக் கீழே பாதை ஒரு பெரிய வளைவாய்த் திரும்பி நிமிர்ந்தது. பின் சில்லு சரளையில் பிடிப்பில்லாமல் சுழன்றது. காலை ஊன்றினாள், இறங்கினாள், மிச்சத்தைத் தள்ளிக்கொண்டு போனாள். இரவு கணவனுக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

"இறங்கித் தள்ளினியோ?" என்று சிரித்தான் சிறீதரன். "அப்ப வாற வருசமும் போகத்தான் வேணும். அந்த வளைவை மிச்சம் வைக்கேலாது."

நவம்பரில் சிறீதரன் வேலைத்தலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவன் எழும்பவில்லை.

அதன் பிறகு துஷானிக்கு வந்தது அழுகையைவிடக் களைப்பு. முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து ஆட்கள் போனார்கள். ஹாலேயில் படிக்கிற மகள் தேனுஜாவும் திரும்பிப் போனாள். துஷானி, எட்டாம் நாளுக்கு முன்னரே கூப்பிட்ட வேலையில், காலுறை மாட்டிக்கொண்டே இருந்தாள். மாசி மாதம் கொறற்றி அதே தீவுக்கு இரண்டு இடம் பதிந்துவிட்டு வந்து நின்றாள்.

"கறுப்புத்தான் போடவேணும் எண்டால் சைக்கிள் காற்சட்டை எல்லாமே கறுப்புத்தானடி. வெளிக்கிடு."

துஷானி ஓம் என்றாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: அந்த வளைவைக் கால் ஊன்றாமல் ஏற வேண்டும். அவன் விளையாட்டாய்ச் சொல்லிவிட்டுப் போனது அது. வேறு யாருக்கும் அதில் எந்த நட்டமும் இல்லை.

ஆனால் அவள் ஒரு பிழை விட்டாள். எங்கள் ஆட்கள் மட்டும் விடக்கூடிய பிழை. யாரிடமாவது "போட்டு வாறன்" என்று விடைபெறாமல் பயணம் வெளிக்கிட அவளுக்குத் தெரியாது. டோர்ட்மண்டில் இருக்கிற சிறீதரனின் அக்கா ரஞ்சினிக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னாள். "ஞாயிற்றுக்கிழமை வாறம்," என்றாள் ரஞ்சினி.

வந்தார்கள், ரஞ்சினியும் கணவன் கார்த்திகனும். துஷானியின் வீடு ஒரு நீண்ட படிக்கட்டின் உச்சியில். கார் கீழேயே நின்றுவிடும். ரஞ்சினி நடுவில் இரண்டு தரம் இருந்து ஆறி, கைபிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து, முகம் வியர்த்து வந்து கதவடியில் நின்றாள். மலை ஏறாதே என்று சொல்வதற்காக ஒரு மலை ஏறி வந்திருந்தாள். துஷானி தண்ணீர் கொடுத்தாள்.

"ஆட்டைத் திவசம் முடியுமட்டும் மலை ஏறக் கூடாது, கடல் தாண்டக் கூடாது. உனக்குத் தெரியாததே?" என்று தொடங்கினாள் ரஞ்சினி.

"இப்ப நீங்கள் ஏறி வந்தது என்ன மச்சாள்?"

"அது படி."

"படி எதிலை கட்டியிருக்கு?"

"விழல் கதை கதையாதை. நீ இருக்கிற வீடு. வீட்டுக்குப் போகாமல் ஏலுமே?"

"அப்ப நான் காலமை வேலைக்கு ஏறுறது? ஒவ்வொரு நாளும் ஏறுறன். அவர் செத்து எட்டுக் கழியக்கூட விடேல்லை, வேலைக்கு வா எண்டவை. நீங்களும் போ, வீட்டிலை இருந்தால் யோசினைதான் எண்டு சொன்னனீங்கள். அண்டைக்கு ஒருத்தரும் மலை எண்டு சொல்லேல்லை."

"அது வேலை."

"வேலைக்கு ஏறினால் மலையில்லை. சந்தோசத்துக்கு ஏறினால்தான் மலை. அப்பிடித்தானே?"

அந்த அறையில் இருந்த மூன்று பேரும் கடல் தாண்டி வந்தவர்கள். ரஞ்சினி தன் தகப்பன் செத்து, வீட்டில் சாவுத் துடக்குக் கழியமுன்னரே விமானம் ஏறியவள். அப்போது எந்தச் சாத்திரமும் குறுக்கே படுக்கவில்லை. படுத்திருந்தாலும் தாண்டியிருப்பாள், தாண்டியது சரி. உயிர் தப்ப ஓடலாம், உழைக்க ஓடலாம். ஒரு பெண் தனக்காக ஒரு கிழமை ஓடப்போகிறேன் என்றதும்தான் செத்தவனுக்குக் கோபம் வருகிறது. மனைவியை இழந்த ஆண்கள் ஆறாம் மாதமே ஊருக்குப் போய்ப் புதுப் பெண்ணோடு வந்து இறங்கியதை இவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கடலுக்கு மட்டும் கணக்கில்லை.

துஷானிக்கு இதெல்லாம் தெரியும். சொல்ல வாயும் எடுத்தாள். அப்போதுதான் ரஞ்சினி அழத் தொடங்கினாள்.

"என்ரை தம்பி இந்தக் குளிருக்கை கிடந்து உழைச்சுச் செத்தவன். நீ அங்கை போய் வெய்யிலிலை நிண்டு படம் போடுவாய். சனம் என்னட்டைத்தான் கேக்கும். நாளைக்குத் தேனுஜாவுக்கு ஒரு இடம் பேசப் போனால் இதைத்தான் முதல் எடுப்பினம். விழுந்து கையைக் காலை முறிச்சியெண்டால், பாத்தியே, சொன்னதைக் கேளாமல் போனவள் எண்டு சொல்லுவினம். எனக்கு ஏலாது துஷானி."

வாதத்துக்கு வாதம் வைக்கலாம். அழுகைக்கு முன்னால் எதை வைப்பது? துஷானி கார்த்திகனைப் பார்த்தாள். அவர் பொறியியலாளர், வாசிக்கிறவர், மேடைகளில் பெண் விடுதலை பற்றிக்கூடப் பேசியிருக்கிறார். தேநீரைச் சுற்றிச் சுற்றி ஆற்றிக்கொண்டிருந்தார். ஆறிய பிறகும் ஆற்றினார்.

"சரி மச்சாள்," என்றாள் துஷானி. "நான் போகேல்லை."

அவள் அதை நம்பிப் போகாமல் நின்றாள் என்று யாரும் எண்ண வேண்டாம். களைத்துப்போய் நின்றாள். மூடநம்பிக்கை வாதத்தில் வெல்வதில்லை. எதிரில் நிற்பவளை அலுக்கப்பண்ணித்தான் வெல்கிறது. நாள் முழுக்க மற்றவர்களின் கால்களைத் தூக்கி மடியில் வைப்பவளிடம், மாலையில் சண்டைக்கென்று எவ்வளவு மிச்சம் இருக்கும்?

போகும்போது ரஞ்சினி முதலில் இறங்கினாள். கார்த்திகன் சப்பாத்து நாடா கட்டுகிற சாட்டில் பின்னுக்கு நின்றார்.

"உதெல்லாம் சும்மா கதை தங்கச்சி," என்றார், கீழே கேட்காத குரலில். "நீ போயிருக்கலாம்."

"உள்ளை இருக்கேக்கை சொல்லியிருக்கலாமே அண்ணை."

"அவ அழுது கொண்டிருந்தா. அந்த நேரம் என்னெண்டு..." என்றவர் மற்ற நாடாவையும் கட்டி முடித்து இறங்கிப் போனார்.

கொறற்றி கேள்விப்பட்டு வைதாள். "தட்டைத் தீவு எண்டு சொல்லியிருக்கலாமேடி. ஆர் வந்து அளக்கப் போயினம்?"

"பொய் சொல்லிப்போட்டுப் போனால் அங்கையும் களைப்பாத்தான் இருக்கும்," என்றாள் துஷானி.

விமானம் கிளம்பிய அன்று அவளுக்கு விடுமுறைதான். ஆனால் கூட வேலை செய்யும் ஒருத்தி சுகமில்லை என்று வீட்டில் நிற்க, வேலைத்தலத்தில் இருந்து கூப்பிட்டார்கள். போனாள். மழை தூறிக்கொண்டிருந்தது. மின்சார சைக்கிளின் பற்றரி குளிரில் பாதி வழியிலேயே செத்தது. பராமரிப்புப் பையைத் தோளில் கொழுவிக்கொண்டு, மிதித்தே ஏறினாள். மேலே நோல்ட்டே என்கிற விதவைக் கிழவியின் வீட்டுக்கு முன்னால் தெரு ஒரு வளைவாய்த் திரும்பி நிமிர்ந்தது. ஈர இலையில் பின் சில்லு சுழன்றது. துஷானி உடம்பைப் பின்னுக்குச் சாய்த்துப் பாரத்தைச் சில்லில் வைத்தாள். கால் ஊன்றவில்லை. ஏறி முடித்து மூச்சு வாங்க நின்றபோது, அங்கே கற்கோபுரம் இல்லை, கடல் இல்லை. குப்பைத் தொட்டிகள் இருந்தன.

அவள் ஏறியதை ஒருவரும் பார்க்கவில்லை, ஒருவரும் தடுக்கவும் இல்லை. கிழவியின் காலை மடியில் வைத்துக் காலுறையை இழுக்கும்போது கைத்தொலைபேசி ஒரு முறை அதிர்ந்தது. கொறற்றி அனுப்பிய படம்: வெள்ளைச் சரளை, வெய்யில், அந்த வளைவு. துஷானி மற்றக் காலை எடுத்தாள்.

நவம்பரில் அவளுடைய வருடம் முடிகிறது. ஆனால் உங்கள் உறவிலும் இப்போது ஒருத்தி அந்த வருடத்துக்குள் இருப்பாள். அவளைச் சுற்றி ஆட்கள் கூடி இருந்து கூடாது, ஏலாது என்று சொல்லும் ஞாயிற்றுக்கிழமை ஒன்று வரும். நீங்களும் அங்கே தேநீரோடு இருப்பீர்கள். கார்த்திகன் மாதிரிப் படிக்கட்டுவரை காத்திருக்காதீர்கள். கோப்பையைக் கீழே வையுங்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, அந்த அறையிலேயே, "நீ போட்டு வா" என்று சொல்லுங்கள்.