கிளம்பும்போது கேட்ட கேள்வி

தமிழில் எழுத உதவும் ஒரு செயலிக்கு விளக்கக் குறிப்பு எழுதுவது என் வேலை. ஒதியம்பட்டில் வீட்டிலிருந்தபடியே செய்கிறேன். அந்த வாரம் என் தலையில் விழுந்தது, செயலியை மூடும்போது அது கேட்கும் கேள்விகள். "சேமிக்காமல் வெளியேற முற்படும்போது பயனரின் உறுதிப்படுத்தல் கோரப்படும்" என்று எழுதிவிட்டு, என்னை நானே மெச்சிக்கொண்டு காபி குடித்தேன்.

அதே செயலியில், கூடத்துக் கம்ப்யூட்டரில், அண்ணி தன் பேச்சை அடித்துக்கொண்டிருந்தார். எங்கள் நிறுத்தத்தில் காலை பஸ் நிற்காமல் போய்விடுகிறது. இன்னொரு முறை தாமதமானால் வர வேண்டாம் என்று அவர் வேலை செய்யும் துணிக்கடையில் சொல்லிவிட்டார்கள். மாலையில் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் மக்கள் குறைகேட்புக் கூட்டம். அங்கே எழுந்து கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தார். ஆனால் நாலு பேர் முன்னால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், கையில் தாள் இருந்தாக வேண்டும்.

அடித்து முடித்து, புடவை மாற்றி, பூ வைத்துக்கொண்டு வந்து செயலியை மூடினார். "சேமிக்க வேண்டுமா?" என்றது.

"இன்னாடி இது, கிளம்பும்போது கேள்வி கேக்குது!"

எங்கள் வீட்டில் கிளம்புகிறவரை எங்கே என்று யாராவது கேட்டால் போச்சு. உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். அண்ணி கேள்வியை ரத்து செய்தார், உட்கார்ந்தார், ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தார், மறுபடி மூடினார். மறுபடியும் கேட்டது. மனுஷனாக இருந்தால் அதற்குள் வாயை மூடியிருப்பான்.

"வெளங்காதது!" என்று சுவர் ஸ்விட்சைத் தட்டிவிட்டார். யுபிஎஸ் செத்து நாளாகியிருந்தது.

"ஐயோ அண்ணி, அடிச்சதெல்லாம் போச்சே!" என்று ஓடினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. கம்ப்யூட்டரை மறுபடி போட்டோம். செயலி திறந்ததும், "சேமிக்காத நகல் ஒன்று இருக்கிறது, மீட்கவா?" என்றது.

"மறுபடியும் கேக்குது பாரு!" அண்ணியின் கை ஸ்விட்சுக்குப் போனது. அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆம் என்று அழுத்தினேன். பேச்சு முழுசாக வந்தது. போகிற வழியில் தாளை வாங்கிக்கொள்ளலாம் என்று வில்லியனூர் பிரிண்ட் கடைக்கு உடனே அனுப்பினேன்.

இருவரும் புறப்படுமுன் என் பழைய வாக்கியத்தை அழித்துவிட்டு எழுதினேன்: "மூடும்போது ஒரு கேள்வி வரும். அபசகுனம் இல்லை. ஸ்விட்சைத் தொடாதீர்கள். சேமி என்பதை அழுத்திவிட்டுக் கிளம்புங்கள்." அபசகுனத்தை எடுக்கும்படி மேலாளர் பிறகு இரண்டு முறை சொன்னார். நான் எடுக்கவில்லை.

கூட்டத்தில் அண்ணி தாளைப் பார்த்து ஒரே மூச்சில் படித்து முடித்தார். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"நிறுத்தினா தெனமும் ஏறுவீங்களாம்மா? கன்ஃபார்மா சொல்லுங்க."

அண்ணி தாளைப் புரட்டினார். அதில் இதற்குப் பதில் இல்லை. அவர் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"மொதல்ல பஸ்ஸ நிறுத்துங்க சார். அப்புறம் கேளுங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதிகாரியும் சிரித்துக்கொண்டே எங்கள் நிறுத்தத்தின் பெயரை எழுதிக்கொண்டார். எனக்கு விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது.