துப்பாக்கி எடுக்காத மச்சினனும் நாற்பத்திரண்டு மைலும்

யுத்தம் மும்முரமாயிருந்த ஓர் ஆவணியில் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போனேன். சரக்கு எடுக்க அல்ல, மச்சினன் மணியை மீட்க. பட்டாளத்தில் கணக்கெழுதும் வேலை என்று நம்பிக் கையெழுத்துப் போட்டவன், துப்பாக்கிப் பயிற்சிக்கு மாட்டேன் என்றுவிட்டான். காவலில் வைத்திருப்பதாகக் கடிதம் வந்தது.

காலை ஆறு மணி சர்க்கார் பஸ். திருவிதாங்கூர்க் காசில் மைலுக்கு அரைச் சக்கரம், நாற்பத்திரண்டு மைலுக்கு இருபத்தொரு சக்கரம். பெட்ரோல் கிடைக்காத காலம், கரிவாயு வண்டி. ஏற்றங்களில் நாங்களே இறங்கி நடந்தோம். பத்தரைக்குத் திருவனந்தபுரம் பழவங்காடியில் இறக்கிவிட்டான்.

நான் கடைக்குச் சரக்கு எடுக்கும் ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு வழக்கம் உண்டு. சரக்கு வண்டி தெருமுனை திரும்பும்வரை பேசிய வியாபாரத்தை வேண்டாம் என்று சொல்லலாம், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். கையெழுத்துப் போடுமுன் மணி தயங்கியபோது அதே நினைப்பில்தான், "பிடிக்கலேன்னா ரயில் ஏறதுக்கு முன்ன திரும்பிரலாம்டே" என்றேன். இருபது வருஷம் கடை நடத்தியவனின் விவரம் அவ்வளவுதான்.

மணியை விடுவிக்கச் சட்டத்தில் வழி உண்டா என்று கேட்டதும் வலியசாலை வக்கீல் சிரித்துவிட்டார். "சீமையில ஆளைக் கட்டாயமாப் பட்டாளத்துல சேக்கறா ஓய். அதனால மனசாட்சி ஒப்பலைங்கறவனை விசாரிச்சு விலக்கு குடுக்க ஒரு மன்றமும் வெச்சிருக்கா. போன யுத்தத்துலயே அந்தச் சட்டம் உண்டு. அப்படியும் பல பேர் ஜெயிலுக்குப் போனா. இங்க உம்ம மச்சினனை யார் பிடிச்சா? தானா வந்து சேந்தவனுக்கு விலக்குன்னு ஒரு சட்டம் இல்லை."

என் சட்டைப்பையில் ஆஸ்துமா என்று ஒரு டாக்டர் சீட்டு இருந்தது. கிடைத்த விதத்தைக் கேட்காதீர்கள். குதிரைவண்டியில் மூன்று மைல், ஆறு சக்கரம், பாங்கோடு பட்டாள முகாம். மணியை வரவழைத்த மலையாளி சுபேதார் சீட்டைப் படித்தார்.

"நினக்கு ஆஸ்துமா உண்டோ?"

"இல்ல சார். ஓடச் சொன்னா ஓடுவேன். ஒருத்தனைக் குறிபாத்துச் சுட மட்டும் என்னால ஆகாது. அடிபட்டவனத் தூக்கச் சொல்லுங்க, எங்கேயும் வாறேன்."

"அப்போ இந்த சீட்டு?"

"அத்தானுக்கு எம்மேல பிரியம் சார்."

சுபேதார் சீட்டை மடித்து என்னிடம் நீட்டினார். "பிள்ளே, இது ஞான் கண்டிட்டில்ல. கொண்டு போய்க்கோ."

அரைமணி நேரம் பேச விட்டார். வேலியோரம் உட்கார்ந்து பொதிச்சோறு பிரித்தோம். துவையலில் உப்பு கூடுதல் என்று என்னைத் திட்டிக்கொண்டே முழுவதையும் தின்றான். அந்த அரைமணி இன்றும் எனக்கு ருசிக்கிறது.

இருபத்தெட்டு நாள் சிறை. பிறகு அடிபட்டோரைத் தூக்கும் பிரிவில் போட்டார்கள். பர்மா எல்லைவரை போய் ஒரு காது கேட்காமல் திரும்பினான்.

போகிறவர்களுக்கு: ஆறு மணி பஸ்ஸே நல்லது. இடப்பக்கம் உட்காருங்கள், வெயில் படாது. வக்கீலைப் பதினொன்றுக்குள் பிடியுங்கள், அப்புறம் கோர்ட்டுக்குப் போய்விடுவார். சிக்கிய ஆளை வெளியே கொண்டுவரப் போகிறீர்களென்றால், என்ன சொல்லி வெளியே வர அவனுக்குச் சம்மதம் என்று முதலில் அவனிடம் கேளுங்கள். நான் டாக்டரைக் கேட்டேன், வக்கீலைக் கேட்டேன்.