ராஜா பெயர் போட்ட அங்கவஸ்திரம்

அன்று காலை எங்கள் தறி அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டபடி அண்ணன். அவர் பக்கத்தில் அறுந்த இழைகளை முடிந்துகொண்டு அண்ணி. ஜன்னலோரம் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டு நான். வாசற்படியைத் தாண்டி உள்ளே வராமல் நின்ற முதலாளி. அவருக்குப் பின்னால், கக்கத்தில் செய்தித்தாளோடு கணக்குப்பிள்ளை. உத்தரத்தில் தொங்கிய தூளியில் அண்ணியின் கைக்குழந்தை தூங்கியது. அதையும் சேர்த்தால் ஆறு. இவ்வளவு சரியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. போலீஸ் வந்து கேட்டால் யார் யார் இருந்தார்கள் என்று தடுமாறாமல் சொல்லவேண்டுமே என்று, பிற்பாடு இந்தப் பட்டியலை மனத்துக்குள் ஒப்பித்துக்கொண்டே இருந்தேன். போலீஸ் வரவேயில்லை. பட்டியல் மட்டும் மறக்கவில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அப்பா போனதும் ராட்டைக்கு ஆள் வேண்டியிருந்தது, பள்ளிக்கூடத்துக்கு நான் வேண்டியிருக்கவில்லை. ராஜா என்றால் எனக்குத் தெரிந்தது வகுப்புச் சுவரில் மாட்டியிருந்த தாடிக்காரர் படமும், ரூபாய்க் காசில் இருந்த தலையும்தான். ஆனால் எதற்கெடுத்தாலும் பயப்படும் குணம் மட்டும் பிறவியிலேயே வந்தது. மழை பெய்தால் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல் நமுத்துவிடுமோ என்று பயம், வெயில் அடித்தால் இழை அறுந்துவிடுமோ என்று பயம். அண்ணி என்னைப் பார்த்து, "இவ ஒருத்தி போதும்மா, ஊருக்கே சேத்து இவளே கவலப்பட்டுடுவா" என்பாள். அவள் எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. அவளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் அப்போது எங்களைப் போன்ற வீடுகள் எல்லாம் ஏதாவது ஒரு முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருக்கும். பட்டும் சரிகையும் அவர் கொடுப்பார், நெய்து கொடுத்தால் கூலி. முன்பணம் தீராதவனை வேறு எந்த முதலாளியும் தறிக்கு எடுக்கமாட்டார். அது அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. அப்பாவின் காரியத்துக்கு அண்ணன் வாங்கியது அறுபது ரூபாய். அதிலேயே வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தார். சின்ன காஞ்சிபுரத்தில் இன்னொரு முதலாளி, அண்ணன் கை வேலையைப் பார்த்துவிட்டு, கூலி அதிகம் தருகிறேன், கணக்கைத் தீர்த்துவிட்டு வா என்று சொல்லியனுப்பியிருந்தார். அந்த அறுபது ரூபாயைக் கடந்துவிட்டால் போதும், வேறு வாழ்க்கை என்று அண்ணி நம்பினாள். குழந்தைக்குத் தாலாட்டுப் பாடும்போதுகூட நடுவில் நிறுத்தி, "அறுவது" என்று சொல்லிப் பெருமூச்சு விடுவாள்.

அந்த நேரத்தில்தான் ராஜா வேலை வந்தது. சீமையில் புது ராஜாவுக்கு மகுடாபிஷேகம் நடக்கப்போகிறது, ஒரு ஜமீன்தார் பட்டணத்துத் துரைமார்களுக்குப் பரிசு கொடுக்க ஆறு பட்டு அங்கவஸ்திரம் கேட்கிறார் என்று முதலாளி வந்து சொன்னார். தலைப்பில் சரிகையில் கிரீடம். அதன் கீழே இங்கிலீஷ் எழுத்தில் ராஜா பெயர். ஒன்றுக்குக் கூலி பத்து ரூபாய். ஆறும் கைக்கு வந்தால் முன்பணம் முழுக்க அடித்துவிடுவதாகச் சொன்னார். அண்ணிதான், "வாங்கிக்கங்க, நெய்ஞ்சு குடுக்கறோம்" என்றாள். நெய்கிற மாதங்களில் சாப்பாட்டுக்கு, அக்கம்பக்கத்துத் தறிகளுக்கு அண்ணியும் நானும் ராட்டை சுற்றிக் கொடுத்த கூலிதான்.

எங்களில் யாருக்கும் இங்கிலீஷ் எழுத்து தெரியாது. அண்ணி தனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டாள். "மொதல்ல மூணு பல்லு சீப்பு. அடுத்தது மாசமா இருக்கற பொம்பள, வயித்தத் தள்ளிக்கினு நிக்கறா. கடைசியிலயும் ஒரு மாசமானவ." அண்ணன் சரிகையைக் கோக்கக் கோக்க, பக்கத்தில் உட்கார்ந்து இப்படியே சொல்லிக்கொண்டு வருவாள். ஓர் இழை தப்பினால் கண்டுபிடித்துவிடுவாள். "ஏங்க, சீப்புல ஒரு பல்லு மொட்டையா இருக்குது பாருங்க." அண்ணன் சிரித்துக்கொண்டே பிரித்து மறுபடி கோப்பார். அவர் சிரித்ததை அந்த மாதங்களில்தான் அதிகம் பார்த்தேன்.

மூன்று முடிந்தபோது சண்டை வந்தது. ஆறுக்கும் சேர்த்து ஒரே பாவு. நெய்த துணி தறியின் உருளை மரத்தில் சுருண்டுகொண்டே போகும். பாவு முழுக்க முடிந்தபிறகுதான், நல்ல நாள் பார்த்து, கற்பூரம் ஏற்றி, அறுப்பது வழக்கம். அண்ணி அதற்கு முன்னாலேயே அறுக்கச் சொன்னாள்.

"மூணு முடிஞ்சுபோச்சு இல்ல? அறுத்துக் குடுத்துட்டு, முப்பது ரூபாய கணக்குல கழிச்சு எழுதி வாங்கிக்கினு வாங்க. மீதிய அப்பறம் பாத்துக்கலாம்."

"பாவு பாதியில இருக்கசொல்ல கத்திய வெக்கிறதா? எங்கப்பா காலத்துலயே இல்லாத பழக்கம்."

"ஒங்கப்பா காலத்துலதான் கடனும் வாங்கல. நீங்க வாங்கல?"

அண்ணன் குறுக்கு நூல் ஓடும் நாடாவை எடுத்து நெய்யத் தொடங்கிவிட்டார். பாதிப் பாவில் கத்தி வைத்தால் தறிக்கு ஆகாது என்று அவர் நிஜமாகவே நம்பினார். நானும் நம்பினேன். எனக்கும் அறுக்கவேண்டாம் என்றுதான் இருந்தது.

ஆறாவதில் ஒரு முழம் பாக்கி இருந்த அன்றுதான் முதலாளி வந்து வாசற்படியில் நின்றார். "பேப்பரப் படிப்பா" என்று கணக்குப்பிள்ளையிடம் சொன்னார். கணக்குப்பிள்ளை படித்தார். எனக்குப் பாதி புரியவில்லை. ராஜா பட்டம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஏற்கெனவே இரண்டு கல்யாணம் ஆன ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார், மந்திரிகள் கூடாது என்றார்கள், அப்படியானால் சிம்மாசனமே வேண்டாம் என்றுவிட்டார், தம்பி ராஜாவாகிவிட்டார் என்பதுதான் சாரம். தறி நின்றுபோயிற்று. தூளியின் கயிறு மட்டும் கிறீச்சிட்டது.

அண்ணி முதலில் சிரித்தாள். "பொம்பளைக்காவ ஒரு ராஜா தேசத்தையே வுட்டுட்டுப் போறாரு. எம்புருசன் எனக்காவ ஒரு பாவ அறுக்கமாட்டேன்னாரு" என்றாள். கணக்குப்பிள்ளைகூடச் சிரித்தார். பிறகு அண்ணியின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. துணி சுருண்டிருந்த மரத்தைப் பார்த்தாள்.

"மீதிய நெய்ஞ்சு முடிச்சு, அறுத்து, பேர மட்டும் பிரிச்சு எடுத்துக் குடு" என்றார் முதலாளி. "கிரீடம் இருக்கட்டும். ராஜா போனாலும் கிரீடம் எங்கயும் போவாது."

அண்ணியும் நானும் ஊசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். சரிகையை இழை இழையாக நெம்பி எடுக்கவேண்டும். அவசரப்பட்டால் பட்டும் சேர்ந்து வந்துவிடும். ராஜா பெயரைப் பிடுங்குவது ராஜத்துரோகமா, இல்லை, போன ராஜாவின் பெயரை வைத்திருப்பதுதான் ராஜத்துரோகமா என்று எனக்குக் குழப்பம். தெருவில் போலீஸ்காரரின் சிவப்புத் தலைப்பாகை தெரிந்தாலே துணியைப் பாய்க்கு அடியில் தள்ளினேன். "அடியே, அவரே வாணாம்னு வுட்டுட்டுப் போன பேருடி இது. நம்பள எவன் புடிக்கப்போறான்?" என்றாள் அண்ணி. பிடுங்கிய சரிகையை முதலாளி தராசில் நிறுத்து எடுத்துக்கொண்டார். சீமையிலிருந்து ராஜா வந்தார், சூரத்திலிருந்து சரிகை வந்தது, மைசூரிலிருந்து பட்டு வந்தது. எல்லாம் எங்கள் வீட்டுக்குள் வந்து இப்படித் தராசில் ஏறித் திரும்பிப் போயிற்று.

சரிகை போனாலும் அது இருந்த இடம் போகவில்லை. தரையில் விரித்தால் ஒன்றும் தெரியாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசிக் கண் அளவுக்குப் பொடிப்பொடியாக இடைவெளி. சீப்பும் வயிறு தள்ளியவளும் அப்படியே நின்றார்கள். ஜமீன்தாரின் காரியஸ்தர் அதை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாராம். புது ராஜா விசேஷத்துக்கு பழைய ராஜாவின் பெயரைச் சுரண்டிய துணியையா துரைகளுக்குக் கொடுப்பது என்று திருப்பியனுப்பிவிட்டார். முதலாளி அண்ணனை அழைத்து, பட்டும் சரிகையும் ஒன்றுக்குப் பதினான்கு ரூபாய் என்று ஆறுக்கும் எண்பத்துநான்கை அண்ணன் பேரில் எழுதினார். பழைய அறுபதோடு நூற்று நாற்பத்துநான்கு. துணியையும் விலை போகாத சரக்கு என்று கடையிலேயே வைத்துக்கொண்டார். கூலி என்ற பேச்சே இல்லை. சின்ன காஞ்சிபுரத்து முதலாளி வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். அண்ணன் வீட்டுக்கு வந்து தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தார், நெய்யவில்லை. அண்ணி ஒரு வார்த்தைகூடக் குத்திக் காட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை வந்தது. மாகறலிலிருந்தும் திருப்புட்குழியிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு ஜனம் வந்திருந்தது. அந்த மாதம்தான் தம்பி ராஜாவுக்கு மகுடாபிஷேகமும். பள்ளிக்கூடங்களில் மிட்டாய் கொடுத்தார்கள். வெயில் தலையைப் பிளந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற பெரியவர் ஒருவர், கோயிலடித் தெருவில் பாடம் சொல்லிக்கொடுப்பவர், தோளில் இருந்த அங்கவஸ்திரத்தை உதறி இரண்டு கையாலும் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தார். அண்ணி என் கையைப் பற்றினாள். வெயில் ஊடுருவிய பட்டில் முதலில் சீப்பு; அடுத்து ஒருத்தி வயிற்றைத் தள்ளிக்கொண்டு; கடைசியிலும் ஒருத்தி.

அவள் பெருமாளைப் பார்க்கவில்லை. அந்தப் பெரியவர் போன இடமெல்லாம் பின்னாலேயே போனாள். நான் அவள் புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனேன். கடைசியில் அவரே திரும்பினார்.

"ஏம்மா, எதுக்கு என் பின்னாடியே வரே?"

"சாமி, அந்தத் துணி எங்க வாங்குனீங்க?"

அவர் எங்கள் முதலாளியின் கடையைச் சொன்னார். பதினெட்டு ரூபாயாம். "பெருமாள் கிரீடம் போட்டதுன்னு சொல்லித்தான் கொடுத்தான். உச்சியிலே பூகூட இருக்கு பார்." அந்தப் பூ, ராஜா கிரீடத்தின் மேல் இருக்கும் சிலுவை. அண்ணி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் துணியை மறுபடி வெளிச்சத்தில் பிடித்து, எழுத்தைக் கூட்டிப் படித்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று, "நான் வந்து சொல்றேன் வா" என்றார்.

கடையில் கூட்டம் இருந்தது. அண்ணன் அப்படிப் போய் நின்றிருக்கமாட்டார். அண்ணி நின்றாள். "வித்துட்டீங்க இல்ல? எங்க பேர்ல எழுதுனத கழிச்சுடுங்க" என்றாள்.

"ஒண்ணு வித்துது. ஒண்ண கழிச்சுக்கறேன். மீதி அஞ்சும் மூட்டையில கெடக்குது."

"மூட்டையக் காட்டுங்க."

"சாவி பட்டணத்துக்குப் போயிருக்குது." யாரோ சிரித்தார்கள். முதலாளிக்கும் சிரிப்பு வந்தது. "இந்தாம்மா, நீ எத்தினி கண்டுபுடிச்சுக் கொண்டாறியோ அத்தினியும் கழிச்சுக்கறேன். போ."

"இதுக்கு நான் சாட்சி" என்றார் பெரியவர். பதினான்கு ரூபாய் கழிந்தது.

அதன்பிறகு அண்ணிக்குத் திருவிழா என்றால் சாமி இல்லை, ஆண்களின் தோள்தான். காமாட்சியம்மன் தேரில் எல்லோரும் கை கூப்பி மேலே பார்க்க, அவள் வரிசை வரிசையாகத் துணிகளைப் பார்த்துக்கொண்டு போவாள். யாராவது அடித்துவிடுவார்களோ என்று நான் செத்துச் செத்துப் பிழைப்பேன். பங்குனியில், ஏகாம்பரநாதர் உற்சவத்தில், செவிலிமேட்டுக்காரர் ஒருவர் அதே கிரீடம் போட்ட துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணே, அத அவுருங்க. வெளிச்சத்துல பாக்கணும்" என்றாள் அண்ணி.

"அடிப்பாவி, எம்புருசன் துணியவா அவுக்கச் சொல்ற?" என்று அவர் மனைவி பாய்ந்தாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்துப் புரண்டார்கள். விஷயம் தெரிந்ததும் அந்த அம்மாளே தன் கையால் அவிழ்த்து, புருஷனையும் இழுத்துக்கொண்டு கடைவரைக்கும் வந்தாள். அவர்களுக்கு அது ஏகாம்பரநாதர் கிரீடமாக விற்றிருந்தது. இன்னொரு பதினான்கு கழிந்தது.

அவ்வளவுதான். மற்ற நான்கும் வெளியூர் போயிருக்கலாம், பெட்டியில் மடங்கிக் கிடந்திருக்கலாம். அந்த ராஜா ஆசைப்பட்டவளையே கட்டிக்கொண்டு வேறு தேசத்தில் குடியிருக்கிறார் என்று பிற்பாடு நான் பேப்பரில் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினேன். "நல்லா இருக்கட்டும்" என்றாள் அண்ணி. அதில் கேலி இல்லை. அண்ணன் கண்ணை மூடும்வரை அதே முதலாளிக்குத்தான் நெய்தார்; கூலி சாப்பாட்டுக்கே சரியாகப் போயிற்று, கணக்கு அசையவில்லை. அண்ணிக்குப் பார்வை மங்கிய பிறகும் உற்சவத்துக்கு என்னை அழைத்துப் போவாள். கூட்டத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீ பாத்துச் சொல்லு" என்பாள். நானும் ஒவ்வொரு முதுகாகப் பார்ப்பேன், இன்றைக்காவது அகப்படவேண்டுமே என்ற பதைப்போடு. அகப்படவில்லை. நான்கு அங்கவஸ்திரமும் பழைய முன்பணமும் சேர்த்து, பாக்கி நூற்றுப் பதினாறு ரூபாய்.