விதவைப் பென்ஷனும் சங்கரா வறுவலும்

திருவொற்றியூரில் கம்பெனி கேட்டுக்கு எதிரே இட்லிக் குண்டானோடு தரையில் உட்கார்ந்தவள் நான். இன்று அதே மெயின் ரோட்டில் எனக்கு மூன்று ஓட்டல் இருக்கிறது. மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் குழம்பு கொதிக்கும்போது வாசனையை வைத்தே உப்பு போட்டாயிற்றா இல்லையா என்று சொல்லிவிடுவேன். என்னிடம் வேலை பார்த்த மாஸ்டர்கள் வேறு கடைக்குப் போனால் என் கடைப் பெயரைச் சொல்லித்தான் சம்பளம் பேசுவார்கள். இதெல்லாம் பெருமைதான். நான் ஏன் மறைக்க வேண்டும்? மறைத்து வைத்தது வேறு.

என் வீட்டுக்காரர் ஹார்பரில் மூட்டை தூக்கியவர். மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். தினக்கூலி ஆள் என்பதால் அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. எங்களுக்கு ஒரே பெண். படிப்பில் கெட்டி. அந்த வருஷம் எட்டாவது முடிக்கிறாள். ஒன்பதாவதுக்கு ராயபுரம் வரைக்கும் பஸ்ஸில் போகவேண்டும். இட்லியில் வருவது வாடகைக்கும் அரிசிக்குமே இழுபறி. வேறு வழி பிறக்காவிட்டால் அவளை இறால் உரிக்கும் கொட்டகைக்கு அனுப்புவது என்று முடிவு. எங்கள் தெருப் பெண்களில் பாதிப்பேர் அங்கேதான் போனார்கள். அவளுக்கும் இது தெரியும்.

அப்போதுதான், எழுபதுகளில், ஆதரவற்ற விதவைகளுக்கு சர்க்கார் மாதாமாதம் பென்ஷன் கொடுக்கப் போகிறது என்று செய்தி வந்தது. மனுவை என் பெண்ணே எழுதினாள். தாலுகா ஆபீசில் கொடுத்தோம். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார், அவர் எழுதுவதுதான் முடிவு என்று சொல்லி அனுப்பினார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா விவரமானவள். "இத பாரு, பரண் மேல கீற பித்தள அண்டாவ என் வூட்ல கொண்டாந்து வெச்சுடு. கியிஞ்ச பொடவையா ஒண்ணு கட்டிக்கோ. அவுரு இன்னா கேட்டாலும், 'எனுக்கு ஆருமில்ல சார்'னு சொல்லு. வேற ஒரு பேச்சு பேசாத. உன் வாய் சும்மா இருக்காது, அதான் பயமா கீது" என்றாள்.

என் பெண் அன்றைக்கே அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய் அவள் வீட்டில் வைத்துவிட்டு வந்தாள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு சர்க்கார் ஆபீசர் என் வாசலுக்கு வருகிறார், கந்தலைக் கட்டிக்கொண்டா நிற்பது? அதுவும் எதிர்வீட்டில் என் நாத்தனார். தம்பி செத்துக் காரியம் முடிந்த அன்றைக்கே, "ஆறு மாசத்துல தட்டத் தூக்கினு என் வாசலுக்கு வருவா பாரு" என்று தெருவே கேட்கும்படி சொன்னவள் அவள்.

இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டேன். டீக்கடையில் நாற்காலி இரவல் வாங்கினேன். வீடு ஒரே அறை, பகலிலும் இருட்டு. அதனால் நாற்காலியைத் தெருவில் போட்டேன். கலர் சோடா வாங்கி வைத்தேன். வேகாத வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தார் அந்த மனுஷன். முகத்தில் பசி தெரிந்தது. சங்கரா மீனைச் சுடச்சுட வறுத்து, சோறும் போட்டேன். வேண்டாம் வேண்டாம் என்றவர், வாசனை வந்ததும் உட்கார்ந்துவிட்டார். தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது.

சாப்பாட்டுக்கு நடுவே கேட்டார். "வருமானம் எப்படிம்மா?"

நாத்தனார் தன் வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "சொல்லேன், சார் கேக்குறாருல்ல. இம்மாம் பேச்சு பேசுவியே."

"நல்லா வருது சார்" என்றேன். "கேட்ல என் இட்லிக்கு லைன் கட்டி நிக்கிறானுங்க. போய்ப் பாருங்க."

பின்னாலிருந்து என் பெண் புடவையை இழுத்தாள்.

அவர் தட்டைக் கீழே வைத்தார். "அம்மா, யோசிச்சுச் சொல்லுங்க. உங்கள வெச்சுக் காப்பாத்த யாராவது இருக்காங்களா? இல்லன்னா இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

நல்ல மனுஷன். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு உள்ளே வா என்கிறார்.

"ஆருமில்லனு சொல்லும்மா, சார் மனசு எறங்குவாரு" என்று நாத்தனார் சிரித்தாள்.

"எனுக்கு இன்னா சார் கொறை? ரெண்டு கை கீது. எவன் கையையும் பாத்துகினு நிக்கிற பொம்பள நான் இல்ல."

யாரோ "அப்டிப் போடு" என்றார்கள். நாத்தனார் உள்ளே போய்விட்டாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. அவர் கை கழுவி, மீன் ரொம்ப நன்றாயிருந்தது என்று சொல்லி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

மனு தள்ளுபடி ஆனது. பள்ளிக்கூடம் திறந்த நாளில் என் பெண் இறால் கொட்டகைக்குப் போனாள். ஐஸில் கிடக்கும் இறாலை உரித்து உரித்து விரலிடுக்கெல்லாம் வெந்துவிடும். ராத்திரி மஞ்சளும் எண்ணெயும் குழைத்துத் தடவுவேன். எரியும்போது கையை இழுத்துக்கொள்வாள், பிறகு தானே நீட்டுவாள்.

அடுத்த வருஷம் அவளே வந்து, "இன்னொரு மனு போடலாம்மா. இந்த தபா நான் பேசறேன், நீ உள்ள குந்திக்கோ" என்றாள். தெரு சிரிக்கும், மானம் போகும் என்று சொல்லித் தட்டிவிட்டேன். அது பாதி உண்மை. மீதி, அவள் கூலி கைக்கு வரத் தொடங்கியிருந்தது. அதில்தான் கேட்டுக்கு எதிரே முதல் கொட்டகை போட்டேன். பெஞ்சும் அடுப்பும் அதில்தான் வந்தன. பிறகு ஊரெல்லாம் தனி ஆளாக முன்னுக்கு வந்தேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் பெண்ணும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

இப்போது நடு ஓட்டலை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். மத்தியானக் கூட்டம் போன பிறகு நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். போன மாதம் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"உனுக்கு என் மேல கோவம் கீதா?"

"எதுக்கு?"

"அந்த பென்ஷன் விஷயம்."

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "கோவம்லாம் இல்லம்மா. அந்த சாரு ரெண்டாவது தபா கேட்டப்போ, நீ ஆருமில்லனு சொல்லிடுவன்னு நெனச்சேன். அவ்ளோதான்."

ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன். ஊத்து என்றாள்.