சிவப்புச் சீட்டு ஒட்டிய பொட்டலம்

நான் மலேசியாக்காரி. ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பொறியாளராகச் சேர்ந்த ஒரே வாரத்தில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரிக்கக் கற்றுக்கொண்டேன். நாப்கினை மட்டும், யாரும் பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சத்தில், சவர பிளேடோடு சேர்த்து ஓர் அட்டைப்பெட்டிக்குள் ஒளித்துப் போட்டுவிடுவேன்.

ஒருநாள் காலை, குப்பை வண்டியில் வரும் முனியம்மா அக்கா அந்தப் பெட்டியைப் பிரித்தார். பிளேடு அவர் விரலைக் கிழித்துவிட்டது.

"வெக்கம் உன்னுது, கிழியற வெரலு என்னுதா கண்ணு? ஒளிச்சு வெச்சா எனக்கு எப்புடித் தெரியும்?"

தொழிற்சாலையில் பழுதான பாகம் எதையும், அடுத்துத் தொடுபவருக்குத் தெரியும்படி சிவப்புச் சீட்டு ஒட்டாமல் நான் விட்டதே இல்லை.

ஊசி போட அவரை ஸ்கூட்டரில் அழைத்துப் போனேன். மறுநாள் நாப்கினைத் தாளில் சுற்றி, பிளேடைத் தகர டப்பாவில் அடைத்து, இரண்டிலும் சிவப்புச் சீட்டு ஒட்டிக்கொண்டு தெருவில் நின்றேன். எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது என்னா கண்ணு?"

"நாப்கின்க்கா. டப்பாவுல பிளேடு," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

"ஆங், இப்பத் தெரியுது," என்று சிரித்தபடி தனிப் பையில் போட்டுக்கொண்டார்.

கூச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் அதைப் பெட்டியில் கட்டி இன்னொருவர் கையில் கொடுப்பதில்லை.