சண்டைக்குப் பின் எடுத்த ஸ்னாப்ஷாட்

பேய் என்றால் ராத்திரியில்தான் வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எனக்கு வந்தது சனிக்கிழமை பட்டப்பகலில். சரியாக மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு. நேரத்தைத் தாளில் குறித்துக்கொண்டே வேலை செய்வது என் தொழில் பழக்கம், அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கதை விடுகிறான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கதை விடுகிற நிலையில் நான் இல்லை.

எனக்கும் என் மனைவிக்கும் ஒரே தொழில். சின்ன அலுவலகங்களில் தூசி படிந்து கிடக்கும் பழைய சர்வர்களை ஒழித்துக்கட்டி, எல்லாவற்றையும் ஒரே புதிய பெட்டிக்குள் கொண்டுவந்து வைப்போம். ஒரு வீட்டைத் தடுத்து மூன்று குடித்தனம் விடுவது மாதிரி. வெளியே பார்த்தால் ஒரு பெட்டி. உள்ளே மூன்று மெஷின்கள், ஒவ்வொன்றும் தான் தனியாக இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓடும். இதற்கான சாஃப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது. பென்டிரைவில் போட்டு எடுத்துப் போனால் அரை மணியில் நிறுவிவிடலாம். "சும்மா கிடைக்குதுன்னு இளக்காரமா நினைக்காதீங்க சார்" என்று அவள் வாடிக்கையாளர்களிடம் மல்லுக்கட்டுவாள்.

அதில் இரண்டு வசதிகளைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, கன்சோல். உள்ளே ஓடும் மெஷினின் திரையை இரண்டு பேர் இரண்டு இடத்திலிருந்து ஒரே நேரத்தில் திறந்து பார்க்கலாம். அவள் தட்டுவது என் திரையிலும் விழும். வரியின் தொடக்கத்தில் # போட்டுவிட்டால் மெஷின் அந்த வரியைக் கண்டுகொள்ளாது. அதனால் நாங்கள் # போட்டுப் பேசிக்கொள்வோம். பாதி வேலை, பாதி வம்பு. ஆங்கில எழுத்தில்தான் அடிப்போம், இங்கே தமிழிலேயே தருகிறேன். என்னை அவள் கூப்பிடும் பெயர் 'வீம்பு'. பொருத்தமான பெயர்தான்.

இரண்டாவது, ஸ்னாப்ஷாட். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை அந்த நொடியில் அப்படியே பிடித்து வைப்பது. வேலையில் ஏதாவது கெட்டுப்போனால் அந்த நொடிக்கே திரும்பிவிடலாம். ஆனால் வேலை முடிந்ததும் அதை மறக்காமல் அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் மெஷின் எதைப் பதிவு செய்தாலும் அதுவும் சேர்ந்து ஊதிக்கொண்டே போய் டிஸ்க்கை அடைத்துவிடும். டிஸ்க் நிரம்பினால் உள்ளே இருக்கும் எல்லா மெஷினும் உறைந்து நின்றுவிடும்.

அந்தப் பேய் வருவதற்குப் பதினான்கு மாதம் முன்னால், ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அதுவும் ஒரு சனிக்கிழமை. காலையிலேயே எங்களுக்குள் சண்டை. நிறுவுகிற பென்டிரைவை நான் அழித்துவிட்டு அதில் படம் ஏற்றி வைத்திருந்தேன். தப்பு முழுக்க என்னுடையது. ஒரு 'சாரி' சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். வாயைத் திறக்கவில்லை. "நீ ஒண்ணும் வர வேண்டாம்" என்றாள். "சரி, வரல" என்றேன். வழக்கமாக இருவரும் காரில் போவோம், நான்தான் ஓட்டுவேன். அன்று அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். நான் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுப் படுத்துத் தூங்கினேன்.

மாலை 5:50க்கு ஃபோன் வந்தது. மழை, லாரி, ஆஸ்பத்திரி. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

நான் கூடப் போயிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும், மழைக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்திருப்பாள். பதினான்கு மாதமாக இந்த ஒரு நினைப்பு என்னைத் தின்றுகொண்டிருந்தது. விபத்து பற்றிய காகிதங்களை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பரிசோதனைக் கூடம் இருக்கும் தெருப் பக்கமே நான் போகவில்லை.

போன மாதம் அங்கிருந்து டாக்டர் கூப்பிட்டார்.

"டிஸ்க் நிரம்பப் போகுதுன்னு எச்சரிக்கை வருது தம்பி. திங்கக்கிழமை எல்லாருக்கும் ரிசல்ட் குடுக்கணும். வேற யாரைக் கூப்பிட்டாலும் முழிக்கிறாங்க. நீங்க வந்தாத்தான் ஆகும்."

சனிக்கிழமை இரண்டு மணிக்கு மேல் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். டாக்டர் வீட்டில் சாவியை வாங்கிக்கொண்டு 2:40க்கு உள்ளே போனேன். ஸ்டோர் ரூமைத்தான் சர்வர் அறையாக மாற்றியிருந்தார்கள். ஜன்னல் கிடையாது. ஒரு ஏ.சி., ஒரு மேஜை, சாய்மானம் உடைந்த ஒரு நாற்காலி. கதவைச் சாத்தினால் பகலா இரவா என்றே தெரியாது.

என் லேப்டாப்பை நேராகப் பெட்டியில் சொருகினேன். காரணம் உடனே தெரிந்தது. ஒரு பழைய ஸ்னாப்ஷாட், அழிக்கப்படாமல் கிடந்தது. அவள் இறந்த அந்தச் சனிக்கிழமையின் தேதி. அவள் வைத்த பெயர்: 'சண்டைக்குப் பின்'.

கொஞ்ச நேரம் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது ஒன்று இடித்தது. கூடம் பூட்டிக் கிடக்கிறது. யாரும் எதையும் பதிவு செய்யவில்லை. ஆனால் அந்த ஸ்னாப்ஷாட் வளர்ந்துகொண்டே இருந்தது. நிமிடத்துக்கு ஒரு ஜி.பி. டிஸ்க்கில் மிச்சம் 58 ஜி.பி.

யாரோ உள்ளே வேலை செய்கிறார்கள்...

வெளியிலிருந்து எவனாவது புகுந்திருப்பான் என்று இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கினேன். நிற்கவில்லை. டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது.

மணி 3:05. கன்சோலைத் திறந்தேன்.

கறுப்புத் திரை. மேல் மூலையில் நேரம் 3:05 என்று சரியாகத்தான் காட்டியது. தேதிதான் பதினான்கு மாதத்துக்கு முந்தையது.

கர்சர் துடித்தது. ஒவ்வொரு எழுத்தாக ஒரு வரி விழுந்தது.

# முதல் மெஷின் முடிஞ்சது. வீம்பு, இருக்கியா?

என் கை கீபோர்டில் இல்லை. இரண்டு கையும் மடியில் இருந்தன.

# இருக்கியான்னு கேட்டேன்

'கேட்டேன்' என்பதற்குப் பிறகு... டக் என்று ஒரு சத்தம். அவள் என்டரை எப்போதும் ஓங்கித்தான் அடிப்பாள். அந்தச் சத்தம் லேப்டாப்பிலிருந்து வரவில்லை. மேஜையிலிருந்து வந்தது. என் எதிரே, வெறும் மேஜையிலிருந்து.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஏன் என்று கேட்டால், அது அவள். வேறென்ன சொல்ல?

# இருக்கேன்

என்று அடித்தேன். பதில் வர ஒரு நிமிடம் ஆனது.

# அடேங்கப்பா! துரை பேசிட்டாரு. ரெண்டாவது மெஷின்ல பிஸி. கொஞ்சம் இரு

அப்போதுதான் புரிந்தது. அவளுக்கு இன்னும் அந்தச் சனிக்கிழமைதான். அவள் இன்னும் அறையை விட்டுக் கிளம்பவில்லை. எனக்கு ஃபோன் வந்தது 5:50க்கு. அதுவரைக்கும் அவளை இங்கேயே பிடித்து வைத்துவிட்டால்...

மிச்சம் ஐம்பது ஜி.பி. நிமிடத்துக்கு ஒன்று. நாலு மணிக்கெல்லாம் டிஸ்க் நிரம்பிவிடும். எல்லாம் உறைந்துவிடும். ஸ்னாப்ஷாட்டை அழித்தால் இடம் கிடைக்கும், அவள் போய்விடுவாள். எனவே வேறு எதையெல்லாம் அழிக்க முடியும் என்று தேடினேன். நிறுவுவதற்கான பழைய ஃபைல்கள், 14 ஜி.பி. அழித்தேன். நாங்கள் பழகிப் பார்க்க வைத்திருந்த மெஷின், 30 ஜி.பி. அதையும் அழித்தேன். ஒவ்வொரு ஜி.பி.யும் எனக்கு ஒரு நிமிடம்.

3:50. அவள் எழுதினாள்.

# இந்த ரூம்ல என்னவோ சரியில்ல. பின்னாடி யாரோ உக்காந்து மூச்சு விடற மாதிரி இருக்கு

என் மூச்சு நின்றது.

# நிறுத்திடுச்சு

என்று எழுதினாள்.

# எங்க உக்காந்திருக்க? என்று கேட்டேன்.

# உடைஞ்ச சேர்ல. வேற சேர் ஏது இங்க

நான் உட்கார்ந்திருந்ததும் அதே நாற்காலிதான். எழுந்து சுவரோடு ஒட்டி நின்றுகொண்டேன். நின்றபடியே அடித்தேன்.

# பயப்படாதே. நான் இருக்கேன்

# நீ வீட்ல இருந்துட்டு வீரம் பேசு

4:28.

# எல்லாம் முடிஞ்சது. பையை மாட்டிட்டேன். கிளம்பறேன்

'கிளம்பறேன்' என்ற சொல்லைப் பார்த்ததும் கீபோர்டுக்குத் தாவினேன்.

# போகாதே

# போகாதே

# இருக்கியா?

# ப்ளீஸ் போகாதே

பதில் இல்லை. கர்சர் மட்டும் துடித்தது. 4:29... 4:30... 4:31...

# வாசல் வரைக்கும் போயிட்டு விளக்கு அணைக்க வந்தா, திரை முழுக்கப் போகாதே போகாதேன்னு இருக்கு. என்ன ஆச்சு உனக்கு?

# சாரி. பென்டிரைவை அழிச்சது என் தப்பு. மழை வரும். வண்டி எடுக்காதே. நான் கார்ல வர்றேன்

பதில் வந்தது.

# சாரியா! தேதியைக் குறிச்சு வச்சுக்கறேன். சரி வா. எவ்ளோ நேரம் ஆகும்?

# பத்து நிமிஷம்

பொய். எங்கே போய் அவளை அழைத்துவருவேன்? அவள் இந்த அறையில்தான் இருக்கிறாள். நானும் இந்த அறையில்தான் இருக்கிறேன்.

4:40. மிச்சம் ஏழு ஜி.பி.

அழிக்க இன்னும் ஒன்றுதான் இருந்தது. பரிசோதனைக் கூடத்தின் பழைய வருடத்துப் பதிவுகள், 32 ஜி.பி. அது என்னுடையது இல்லை. டாக்டரிடம் இன்னொரு நகல் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அழித்தேன்.

4:55. # வந்துட்டியா?

# ட்ராஃபிக். பத்து நிமிஷம்

5:05. # வீம்பு...

# வந்துட்டே இருக்கேன். எழுந்துக்காதே

5:12. # இங்க ரொம்பக் குளுருது. சீக்கிரம் வா

ஏ.சி.யை நான் போடவே இல்லை. ஆனாலும் என் வாயிலிருந்து புகை மாதிரி மூச்சு வந்தது.

5:17. இரண்டு ஜி.பி.

# இன்னும் அரை மணி மட்டும் இரு. ஆறு மணி வரைக்கும் இரு. கெஞ்சிக் கேக்கறேன்

5:18. ஒன்று.

# அரை மணியா? பத்து நிமிஷம்னியே. நீ நிஜமாவே வர்றியா இல்லையா?

# வர்

அவ்வளவுதான் அடித்தேன். மணி 5:19. டிஸ்க் விளக்கு நின்றது. கர்சர் நின்றது.

டக்.

மேஜையிலிருந்து.

டக்... டக்... டக்...

திரையில் ஒன்றும் விழவில்லை. அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். நான் மேஜையைக் கட்டிக்கொண்டு கத்தினேன், "வர்றேன்டி, வர்றேன், போகாதே" என்று. நாற்காலி 'கிரீச்' என்று பின்னால் நகர்ந்தது. தானாக. கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

5:50க்கு என் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடிக்கவில்லை. அவள் நம்பருக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது ஒரு குரல்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்னாப்ஷாட்டை அழித்து, பெட்டியைச் சரிசெய்தேன். தேதி சரியாக இருந்தது. # போட்ட ஒரு வரிகூட எங்கும் இல்லை. நிறையப் பேர் சொல்வதைப் போல எனக்கும் மனநிலை சரியில்லை என்றே முடிவு செய்தேன். டாக்டரிடம் நிஜமாகவே நகல் இருந்தது, அந்த மட்டும் தப்பித்தேன்.

திங்கட்கிழமை சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அங்கே ரத்தம் எடுக்கும் அம்மாவை எல்லோரும் 'ஊசி அக்கா' என்பார்கள். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, கேக்கக் கூடாதுன்னுதான் இத்தனை நாளா இருந்தேன். மனசு ஆறல. அன்னைக்கு நீங்க ஏன் வரல?"

"சண்டை, அக்கா. அவதான் வர வேண்டாம்னா."

"காலைல இல்ல தம்பி. சாயங்காலம். நாலரைக்கே வேலையை முடிச்சுட்டு வாசலுக்கு வந்துட்டா. விளக்கை அணைச்சுட்டு வர்றேன்னு உள்ள போனா. திரும்ப வந்தா பாருங்க, முகமெல்லாம் சிரிப்பு. 'அவர் கார் எடுத்துட்டு வர்றாராம்க்கா, சாரியெல்லாம் சொல்றாரு'ன்னா. அப்புறம் உள்ளயே உக்காந்து டைப் பண்ணிக்கிட்டே இருந்தா. தனியா இருக்காளேன்னு நானும் வீட்டுக்குப் போகாம துணைக்கு இருந்தேன். அஞ்சு இருபது இருக்கும். திடீர்னு உங்க பதில் நின்னுபோச்சாம். 'திரும்பக் கோச்சுக்கிட்டாரு போலக்கா, இனிமே வர மாட்டாரு'ன்னு சொல்லிட்டு, அழுதுக்கிட்டே வண்டியை எடுத்தா. அப்பத்தான் மழை பிடிச்சது."

வீட்டுக்கு வந்து அந்தக் கவரைப் பிரித்தேன். விபத்து நடந்த நேரம் 5:31 என்று போட்டிருந்தது. பரிசோதனைக் கூடத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு ஸ்கூட்டரில் கால் மணி நேரம். நாலரைக்கே கிளம்பியிருந்தால் நாலே முக்காலுக்கு வந்திருப்பாள். அப்போது மழையே இல்லை. நான் தூங்கிக்கொண்டிருந்திருப்பேன். வந்து எழுப்பியிருப்பாள்.

ஊசி அக்கா வாரம் ஒரு தடவை கூப்பிடுகிறார். ஏன் வரவில்லை என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டுமாம். நான் ஃபோனை எடுப்பதில்லை.